வெட்டு விழும் இடத்தில் சிரிக்கக் கூடாது

கோடாலியால் வெட்டுப்பட்டுச் சாவது அப்படியொன்றும் சிரமமான காரியமில்லை. வெட்டுகிறவன் நல்ல பையனாக இருந்துவிட்டால்தான் சிரமம்.

என்னை வெட்டியவன் வெஸ்லி டைக். சண்டை கூடாது, துப்பாக்கி கூடாது, பட்டாளத்துக்குப் போகவே கூடாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் மெனனைட் சபையில் பிறந்தவன். ஆறரை அடி உயரம். கதவை மறைக்கிற தோள். கொசு உட்கார்ந்தால் அது குடித்து முடிக்கும்வரை கையை ஆட்டாமல் காத்திருப்பான். எங்கள் மனிடோபா மாகாணத்துக் கொசு குடித்து முடிக்கச் சற்று நேரமாகும்.

இவனைக் கொலைகாரனாகப் போட்டவள் தோரா பியார்னசன். வின்னிபெக்கில் எங்கள் கல்லூரியின் திரைப்படத் துறையில் கடைசி வருடம். கிம்லி பக்கம் ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். அவள் சிரிக்கவே மாட்டாள் என்று ஊரில் சொல்வார்கள், அது பொய். சிரிப்பாள். முன்கூட்டி யோசித்துவிட்டுச் சிரிப்பாள்.

வெட்டுப்படுகிறவன் வேடம் எனக்கு. என் பெயர் ஓரெஸ்ட். கல்லூரிப் பத்திரிகையில் நையாண்டி எழுதுகிறவன் என்பதால், நாளைக்குப் பனி பெய்யும் என்று நான் சொன்னால்கூட, எதற்கும் இருக்கட்டும் என்று நாலு பேர் சிரித்துவைப்பார்கள். இதைத் தோராவிடம் முதலிலேயே சொன்னேன்.

"காத்திரமான படம்னு சொல்ற. என்னை எதுக்குப் போடற?"

"உன்னைப் பாத்தாலே ரெண்டு வெட்டு வெட்டணும்னு யாருக்கும் தோணும். அதெல்லாம் நடிச்சு வரவைக்க முடியாது ஓரெஸ்ட்."

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

தோராவுக்கு ஒரு சபதம் இருந்தது. பதினாறு வயதில் போர்ட்டேஜ் சாலையில் ஒரு தியேட்டருக்குப் போயிருக்கிறாள். படத்தில் ஒருவனுடைய தலை லிஃப்டு கதவில் மாட்டிக்கொண்டது. லிஃப்டு கிளம்பியது; தலை அங்கேயே நின்றது. தோரா உறைந்துபோனாள். கூட்டமோ விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்து நாற்காலிக்காரர் குலுங்கிய குலுக்கலில் அவருடைய பாப்கார்ன் முழுவதும் இவள் மடியில் கொட்டியது. "சாரி" என்றார், சிரிப்பை நிறுத்தாமல்.

"மனுஷங்க கெட்டுப்போயிட்டாங்கன்னு அன்னைக்கு முடிவு பண்ணேன்" என்பாள் தோரா. "எவனாலயும் சிரிக்க முடியாத ஒரு சாவு எடுத்துக் காட்டறேன். கோடாலி இறங்கும்போது மொத்த ஹாலும் மூச்சைப் பிடிச்சுட்டு உக்காரணும்."

அந்தச் சாவுதான் நான்.

படத்தின் பெயர் 'ஏரி மன்னிக்காது'. உறைந்த ஏரியின் நடுவே ஒரு மீன்பிடிக் குடிசை. அண்ணனும் தம்பியும் பனிக்கட்டியில் துளை போட்டு, அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சு கிடையாது. மீனும் கிடையாது. படத்தில் பெரும்பகுதி இதுதான். கடைசியில் அண்ணன் எழுந்து, கோடாலியை எடுத்து, தம்பியின் இடது கையை வெட்டுகிறான். தம்பி வானத்தைப் பார்த்துக் கதறிச் சாகிறான். படம் முடிந்தது. ஏன் வெட்டினான் என்று கேட்டேன். "அதைப் பாக்கறவங்க யோசிக்கணும்" என்றாள். வெட்டுப்படுகிறவனும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிப்ரவரியில் படப்பிடிப்பு. மைனஸ் முப்பது, காற்று தனி. ரத்தத்துக்கென்று சோளப்பாகில் சாயம் கலந்து கொண்டுபோயிருந்தோம். குழாயிலேயே உறைந்து கல்லாகிவிட்டது. என் அம்மா ஃபிளாஸ்க்கில் கொடுத்தனுப்பிய போர்ஷ்ட் என்கிற பீட்ரூட் சூப்பு சூடாக இருந்தது. அதை ஊற்றினோம். வெண்பனியின் மேல் பார்க்கச் சகிக்காத சிவப்பு. கூர்ந்து பார்த்தால் நடுவில் ஒரு கீரைத் துணுக்கு தெரியும். பார்க்காமல் இருப்பது நல்லது.

வெட்டப்படுவதற்கென்றே என் இடது கையை அச்செடுத்து ஒரு ரப்பர் கை செய்திருந்தாள் தோரா. என் கையைவிட அழகாக இருந்தது. நிஜக் கையைக் கோட்டுக்குள் மடக்கிக்கொண்டு, ரப்பர் கையைக் கோட்டின் கைக்குள் நுழைத்து, நுனியில் என் கம்பளிக் கையுறையை மாட்டி, தைத்துவிட்டார்கள். ரப்பர் கோடாலியோடு வெஸ்லி வந்தான்.

"மெதுவாவே போடறேன். வலிச்சா சொல்லு."

"அது ரப்பர் கைடா."

"இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லு."

போட்டான். கதறினேன். "கட்" என்று தோரா சொன்ன குரல் நடுங்கியது. குளிரா உணர்ச்சியா என்று கேட்க யாருக்கும் வாய் திறக்கவில்லை, உதடு ஒட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் கல்லூரியில் வருடக் கடைசியில் மாணவர் படங்களை இரண்டு நாள் காட்டுவார்கள். வெள்ளிக்கிழமை காத்திரமான படங்கள். டொராண்டோவிலிருந்து முக்கியமானவர்கள் வந்து, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, முகவாயைத் தடவியபடி பார்ப்பார்கள். சனிக்கிழமை சிரிப்புப் படங்கள். முந்தின வருடம் சனிக்கிழமையில் முதல் பரிசு வாங்கியது, ஒரு வாத்து வங்கியைக் கொள்ளையடிக்கிற படம். எந்தப் படம் எந்த நாள் என்று முடிவு செய்கிறவர் பேராசிரியர் கயெதான் லாவலே. முன்னோட்டமாக ஒரு காட்சி போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வார்.

முதல் முன்னோட்டத்துக்கு வகுப்பறை நிறைந்திருந்தது. அண்ணனும் தம்பியும் துளையைப் பார்த்தார்கள். கூட்டமும் துளையைப் பார்த்தது. வெளியே யாரோ ஹாலைத் தாண்டி நடந்துபோகும் காலடிச் சத்தம்கூடக் கேட்டது. தோரா என் முழங்கையைப் பிடித்திருந்தாள். திரையில் வெஸ்லி எழுந்தான். கோடாலி உயர்ந்தது. இறங்கியது.

என் கை கீழே விழவில்லை.

நான் கையுறையைத் தொலைக்கிறவன். பள்ளிக்கூடத்தில் தொலைத்தேன், பேருந்தில் தொலைத்தேன், ஒருமுறை கையில் போட்டிருக்கும்போதே தொலைத்தேன். அதனால் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்வதுபோல அம்மா இரண்டு கையுறையையும் ஒரே கயிற்றில் கட்டி, கயிற்றைக் கோட்டுக்குள் ஒரு கை வழியாக விட்டு, முதுகுப் பக்கமாகக் கொண்டுபோய், மறுகை வழியாக எடுத்துத் தைத்துவிட்டிருந்தாள். வெட்டுப்பட்ட கை கையுறையோடு இருந்தது. கையுறை கயிற்றோடு இருந்தது. கை தரைக்கு அரையடி மேலே தொங்கிக்கொண்டு, காற்றில் அழகாக ஆடியது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தம்பி வானத்தை நோக்கி வலது கையை உயர்த்திக் கதற வேண்டும் என்பது காட்சி. உயர்த்தினேன். கயிறு முதுகுப் பக்கமாக இழுபட்டது. வெட்டுப்பட்ட இடது கையும் மேலே ஏறியது. வலது கையை இறக்கினேன், அது இறங்கியது. துயரம் தாளாமல் மூன்று முறை உயர்த்தி இறக்கியிருந்தேன். நல்ல நடிகனாயிற்றே.

ஹாலில் கிளம்பிய சிரிப்பை நான் வர்ணிக்கப்போவதில்லை. ஒருத்தி மூச்சுவிட முடியாமல் வெளியே ஓடினாள். முன்வரிசையில் ஒரு பையன் கீரைத் துணுக்கைக் கண்டுபிடித்து, "அது போர்ஷ்ட்!" என்று கத்தினான். பேராசிரியர் கயெதான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"சாரி தோரா" என்றார். "ஆனா இது சனிக்கிழமைப் படம்."

"கயெதான், இது ஒரு சோகம்."

"எனக்குத் தெரியுது. உன் படத்துத் தம்பியோட கைக்குத் தெரியலயே."

தோரா அவரிடம் மன்றாடினாள். கயிறு ஒரு விபத்து, திருத்தித் தருகிறேன் என்றாள். அவர் இளகிய மனசுக்காரர். கடைசியில் ஒரு விதி சொன்னார்: இறுதி முன்னோட்டத்தில், வெட்டு விழும்போது ஹாலில் ஒரே ஒருத்தர் சிரித்தாலும் சனிக்கிழமை. யாருமே சிரிக்காவிட்டால் வெள்ளிக்கிழமை.

வெளியே வந்ததும் வெஸ்லி கேட்டான்: "எடிட்டிங்ல நாம இத்தனை தடவை பாத்தோமே, எப்படித் தெரியாமப் போச்சு?"

எப்படித் தெரியும்? கையுறை கயிற்றில் தொங்குவதை இந்த ஊரில் பிறந்த எவனும் திரும்பிப் பார்ப்பதில்லை. மழைக்குக் குடை நனைகிற மாதிரி அது.

மார்ச்சில் ஏரி இளகுவதற்குள் ஓடிப்போய் அந்தக் காட்சியை மட்டும் மறுபடி எடுத்தோம். கயிற்றைத் தோரா தன் கையாலேயே அறுத்தாள். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சூப்பை வடிகட்டினோம். கை இந்த முறை முறையாக விழுந்தது: தொப்பென்று, பனியில் பாதி புதைந்து, விரல்கள் வானத்தைப் பார்த்தபடி. நானே என் நிஜக் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இறுதி முன்னோட்டத்துக்கு முன் நாங்களே போட்டுப் பார்த்த இரண்டாவது காட்சி. புதுக் கூட்டம். துளை. அமைதி. கோடாலி. கை விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. தோராவின் பிடி தளர்ந்தது. அப்போது ஒலிபெருக்கியில் என் குரல் தெளிவாகக் கேட்டது.

"சாரி."

அதைத் தொடர்ந்து வெஸ்லியின் குரல்: "இல்ல இல்ல, சாரி. என் தப்புதான்."

"பரவால்ல, நான் நடுவுல நின்னுட்டேன்" என்றேன் நான், திரையில், ஒரு கையோடு. அதன்பிறகு வானத்தைப் பார்த்துக் கதறினேன்.

போன தடவையும் இதையேதான் பேசியிருக்கிறோம். கை ஆடிய ஆட்டத்துக்குக் கிளம்பிய சிரிப்பில் யார் காதிலும் விழவில்லை.

கூட்டம் சிரித்து ஓய்ந்து வெளியேறிய பின் தோரா எங்கள் இருவரையும் வரிசையாக உட்காரவைத்தாள்.

"நான் எழுதின வசனமா இது?"

"எது?" என்றேன்.

"சாரி சொன்னீங்களே, அது!"

வெஸ்லி குழம்பிப்போய் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். "நாங்க எப்ப சொன்னோம்?" என்றான் அவன்.

போட்டுக் காட்டினாள். கேட்டோம். எனக்கு இன்னும் பிடிபடவில்லை. "தோரா, ஒருத்தன் மேல கோடாலி பட்டா ரெண்டு பேரும் சாரி சொல்லத்தானே செய்வாங்க? சும்மா போனா மரியாதையா இருக்குமா?"

"கொலை பண்றான்டா உன்னை!"

"அதுக்காக?" என்றான் வெஸ்லி.

தோரா ஒலியை இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டாள். பிறகு மெல்லிய குரலில், "எடிட் பண்ணும்போது எனக்கும் கேக்கலை" என்றாள். அவள்தான் காட்சியை எடுத்தவள், வெட்டியவள், ஒட்டியவள். ஒரு நாளைக்கு எத்தனை சாரி காதில் விழுகிறது. இந்த இரண்டை மட்டும் காது தனியாக எடுத்து வைக்குமா?

சாரிகளை அழித்து, அந்த இடத்தில் காற்றின் ஓலத்தைப் போட்டாள். என் உதடு அசைவது காற்றுக்குப் பயந்து முணுமுணுப்பதுபோல ஆகிவிட்டது. மெய்யாகவே நன்றாக இருந்தது. இனி படத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆகவே கடைசிப் பரீட்சைக்கு முன்னால் ஒரு ஒத்திகை வேண்டும் என்றாள். மாணவர்கள் வேண்டாம், அவர்கள் விளையாட்டுப் பிள்ளைகள். வாழ்க்கையில் அடிபட்டவர்கள் வேண்டும். பனித்தளத்தில் கல் தள்ளி விளையாடும் எங்கள் பேட்டை கர்லிங் கிளப்பின் மாடியில் ஒரு திரை கட்டி, பெரோகி, அதாவது உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை, போடுகிறோம் என்று சொன்னோம். வாழ்க்கையில் அடிபட்டவர்கள் தட்டோடு வந்தார்கள்.

முன்வரிசையில் உட்கார்ந்தவர் திருமதி பெர்னிஸ் தெல்லியே. பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ். "இவங்கதான் நமக்கு வேணும்" என்று தோரா என் காதில் சொன்னாள். "உயிரோட மதிப்பு தெரிஞ்சவங்க."

கை விழுந்தது. நல்ல அமைதி. வெங்காயம் வதக்கிய வாசனை மட்டும் நின்றது. பிறகு "ஹ்க்" என்று ஒரு சத்தம். திருமதி தெல்லியே வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "சாரி" என்றார் எல்லாரையும் பார்த்து. "சாரி, ரொம்ப சாரி" என்று சொல்லிச் சொல்லி இன்னும் பலமாகச் சிரித்தார்.

அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த அவருடைய பக்கத்து மேசைக்காரர் சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு "ஹெ" என்றார். அடுத்தவர் "ஹெஹெ" என்றார். கொஞ்ச நேரத்தில் ஹால் மொத்தமும் சிரித்தது. யாருக்கும் கண்ணில் சிரிப்பில்லை. வாயில் மட்டும் இருந்தது. விருந்தாளி ஒருத்தி சூப்பைச் சிந்திவிட்டால், நாமும் கொஞ்சம் சிந்திவைப்போமே என்கிற முகம்.

தோரா நேராக அந்த மேசைக்காரரிடம் போனாள். "நீங்க ஏன் சிரிச்சீங்க?"

"பெர்னிஸ் தனியா சிரிச்சிட்டிருந்தாங்கம்மா" என்றார் அவர். "பாவம், எப்படி விடறது?"

"படம் சிரிப்பா இருந்துச்சா?"

"ஐயோ, பயங்கரம். ராத்திரி சாப்பாடு இறங்காது." பெரோகியைக் கடித்தார். "சாரி."

திருமதி தெல்லியே தானாகவே எழுந்து வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தங்கம், உன் படத்தைக் கேலி பண்ணலை. வாராவாரம் நிஜக் கையைப் பாக்கறேன் நான். ஐஸ் பெட்டியில வச்சு எடுத்துட்டு வருவாங்க, மீன் மாதிரி. அங்க சிரிக்கவும் முடியாது, அழவும் முடியாது. இங்க திடீர்னு அது வந்து விழுந்துச்சா, கதவு திறந்துக்கிச்சு."

"அழுதிருக்கலாமே" என்றாள் தோரா, கொஞ்சம் ஆசையோடு.

"கார் ஓட்டிட்டு வீட்டுக்குப் போகணுமே."

தோராவுக்கு இதெல்லாம் ஏறவில்லை. அவளுக்குப் புரிந்தது ஒன்றுதான்: படத்தைத் திருத்தியாயிற்று, இனித் திருத்த வேண்டியது கூட்டத்தை. இறுதி முன்னோட்டத்துக்கு யார் வரலாம் என்பதில் பேராசிரியர் விதி எதுவும் சொல்லவில்லை. யோசித்து யோசித்து, ஏப்ரல் மாதம், வருமான வரிக் கணக்கு கொடுக்க வேண்டிய நேரத்தில், கணக்கியல் துறை மாணவர்களைக் கூப்பிட்டாள். அந்த மாதத்தில் அவர்கள் பிறந்தநாளுக்கே சிரிப்பதில்லை. ஒருவர் சிரித்தால் இன்னொருவர் துணைக்கு வரக் கூடாதென்று, நாற்காலி விட்டு நாற்காலி உட்காரவைத்தாள். என்னை வரக்கூடாது என்றுவிட்டாள். என் முகத்தைக் கண்டால் கூட்டத்துக்குச் சிரிப்பு ஞாபகம் வந்துவிடுமாம். கொலைகாரனும் நானும் புரொஜெக்டர் அறையின் சதுரக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். தோரா பின்சுவரோரம் நின்றாள், கைகளைக் கட்டிக்கொண்டு. பேராசிரியர் நடுவில்.

துளை. அமைதி. கணக்கியல்காரர்கள் பார்வையாலேயே துளையின் தேய்மானத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெஸ்லி எழுந்தான், திரையில். என் பக்கத்தில் இருந்த வெஸ்லி முகத்தை மூடிக்கொண்டான். கோடாலி உயர்ந்தது.

இறங்கியது.

தொப்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் இருமவில்லை. ஒரு பெண்ணின் கை தானாகப் போய் தன் இடது தோளைப் பிடித்துக்கொண்டது. காற்று ஓலமிட்டது. பேராசிரியர் கயெதான் வாயைத் திறந்தபடி இருந்தார். நான் ஒரு கையோடு வானத்தைப் பார்த்துக் கதறினேன். மொத்த ஹாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தோரா பதினாறு வயதிலிருந்து கேட்ட அமைதி இதுதான். இதோ கிடைத்துவிட்டது. வெஸ்லி என் கையை நசுக்கினான். "சாரி" என்றான்.

அப்போது பின்சுவரோரம் "ஹ்க்" என்று ஒரு சத்தம்.

எல்லாத் தலையும் திரும்பியது. தோரா இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். விரலிடுக்கு வழியாக அது வந்தது. முன்கூட்டி யோசிக்காத சிரிப்பு. அப்படியொன்று அவளிடம் இருப்பது எங்களுக்கே தெரியாது. கழுதைக்கும் கெட்டிலுக்கும் நடுவில் ஒரு சத்தம். சுவரில் சாய்ந்தாள், சரிந்தாள், தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"சாரி" என்றாள். "சாரி, சாரி, என்னால முடியலை."

கணக்கியல்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நாற்காலி விட்டு நாற்காலி இருந்தால் என்ன, வளர்ப்பு வளர்ப்புதானே. "ஹெ" என்றார் ஒருவர். "ஹெஹெ" என்றார் அடுத்தவர். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் நெருங்கி வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தே சிரித்தார்.

பேராசிரியர் எல்லாரும் ஓயும்வரை காத்திருந்தார். "தோரா, விதி உனக்குத் தெரியும்."

"நான் சிரிச்சா அது கணக்குல வருமா?"

அவர் வருத்தத்தோடு கணக்கியல்காரர்களைப் பார்த்தார். "வரும்" என்று அவர்கள் தலையாட்டினார்கள்.

பிற்பாடு காஃபி கடையில் தோரா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை என்று அறிவிப்புப் பலகையில் போட்டாகிவிட்டது. வாத்துப் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு அடுத்து.

"ஏன் சிரிச்ச?" என்றேன்.

"தெரியலடா. கோடாலி இறங்கற வரைக்கும் நெஞ்சு இங்க இருந்துச்சு." தொண்டையைக் காட்டினாள். "யாராவது சிரிச்சிடுவாங்களோ, சிரிச்சிடுவாங்களோன்னு. யாரும் சிரிக்கலை. அப்பாடான்னு இருந்துச்சு. மூச்சை விட்டேன். அது அப்படி வெளிய வந்துச்சு."

"அவ்வளவு பயமா?"

"செத்துட்டேன்டா." கோப்பையைச் சுற்றினாள். பிறகு அவள் முகம் மாறியது. "அப்போ அன்னைக்கு அந்தத் தியேட்டர்ல, லிஃப்டு…"

"இருக்கலாம்."

"எல்லாரும் பயந்து போய்த்தான்…"

"பாப்கார்ன்காரர் நடுங்கித்தான் கொட்டியிருப்பாரு" என்றான் வெஸ்லி, அன்பாக.

"ஆறு வருஷமா அந்த ஆளைத் திட்டிட்டிருக்கேன்." தோரா தலையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்கு எங்க போய் சாரி சொல்வேன்?"

சனிக்கிழமை வந்தது. ஹால் வழிந்தது. சிரிப்பதற்கென்றே கிளம்பி வந்த கூட்டம். சிலர் சிவப்பு மூக்கு மாட்டியிருந்தார்கள். சீஸ் துண்டுத் தட்டுகள் வரிசை வரிசையாகக் கைமாறின. வாத்து இந்த முறை விமான நிலையத்தைக் கைப்பற்றியது. சிரிப்பில் ஹாலின் கூரை பெயர்ந்தது. அந்தச் சூட்டோடு எங்கள் படம் தொடங்கியது. தோரா கடைசி வரிசை ஓரத்தில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு வந்ததும் எழுந்துபோய்விடுவது என்று ஏற்பாடு.

துளை. கூட்டம் புன்சிரிப்போடு துளையைப் பார்த்தது. அதிலிருந்து என்னவோ வரப்போகிறது, சிரிப்புப் படமாயிற்றே. ஒன்றும் வரவில்லை. புன்சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் உள்ளே ஆள் காலி. அண்ணன் பெருமூச்சு விட்டபோது இரண்டு பேர் சிரிக்கத் தயாராகி, இடம் இதுவல்ல என்று தெரிந்து வாயை மூடினார்கள். வெஸ்லி எழுந்தான். இப்போது வரும். கோடாலியை எடுத்தான். இதோ. எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள்.

கை விழுந்தது.

ஜோக்கு எங்கே என்று கூட்டம் தேடியது. திரையின் இடது மூலையில் தேடியது, வலது மூலையில் தேடியது. கையைப் பார்த்தது. விரல்களைப் பார்த்தது. நான் கதறினேன். கதறி முடித்துச் செத்தேன். ஜோக்கு வரவே இல்லை. பேர்கள் ஓடி முடிந்தன. விளக்கு எரிந்தது. யாரோ ஒருவர் மட்டும் சிவப்பு மூக்கை மெதுவாகக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எவரும் கை தட்டவில்லை. எழுந்து வரிசையாக வந்தார்கள், சாவு வீட்டில் வருகிற மாதிரி. தோராவின் கையைப் பிடித்து, "சாரி" என்றார்கள். ஒரு பெரியம்மா தோராவைக் கட்டிக்கொண்டு, "உனக்கு யாராவது இருக்காங்களாம்மா, பேசறதுக்கு?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற என்னிடமும் ஒவ்வொருவராக வந்து, என் வலது கையை மட்டும் மரியாதையாகக் குலுக்கினார்கள். வெஸ்லியின் பக்கம் ஒருவரும் போகவில்லை. அவன் தூணுக்குப் பின்னால் நின்று, போகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் சாரி சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்றைய வாக்கெடுப்பில் சிரிப்புப் படங்களில் கடைசி இடம் 'ஏரி மன்னிக்காது'. ஒரு வாக்குகூட விழவில்லை. நானும் வெஸ்லியும் உள்பட எல்லாரும் வாத்துக்குப் போட்டிருந்தோம்.

"பூஜ்யம்!" என்றாள் தோரா. தேர்தலில் ஜெயித்தவள்போல என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "ஒருத்தர்கூடச் சிரிக்கலைடா! சிரிக்கறதுக்குன்னே வந்தவங்க!"

"நீ சிரிச்சியா?"

"நாக்கைக் கடிச்சுட்டிருந்தேன்." காட்டினாள். மெய்தான், தடம் இருந்தது.

ஏப்ரலிலும் பனி தூறியது. எங்கள் ஊருக்கு மாதம் தெரியாது. அந்தச் சாவுக்கூட்டம் மொத்தமும் எங்களோடு பேருந்து நிறுத்தத்தில் தலையைக் குனிந்து நின்றது. கயிறு அறுந்ததை அம்மா கண்டுபிடித்து, இந்த முறை கெட்டி நைலான் கயிறு போட்டுத் தைத்திருந்தாள். பேருந்து வந்தது. தோராவையும் வெஸ்லியையும் முதலில் ஏற்றிவிட்டு, நான் ஏறுவதற்குள் கதவு மூடிக்கொண்டது. கழற்றித் தொங்கவிட்டிருந்த என் இடது கையுறை கதவுக்கு உள்ளே, நான் வெளியே. பேருந்து நகர்ந்தது. கயிறு முதுகு வழியாக இழுக்க, என் வலது கை தானாக மேலெழுந்து, முகத்தில் ஓங்கி அறைந்தது.

"சாரி" என்றேன், பேருந்திடம்.

பேருந்தோடு ஓடினேன். ஒவ்வோர் அடிக்கும் என் கை என்னை அறைந்தது. நிறுத்தத்தில் நின்ற கூட்டம் ஒரு கணம் மூச்சைப் பிடித்தது. பிறகு வெடித்தது. அந்தப் பெரியம்மா விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தார். சிவப்பு மூக்குக்காரர் மூக்கை எடுத்து மாட்டிக்கொண்டார். மூலை திரும்புவதற்குள் பேருந்து நின்று, கதவு திறந்து, என் கையுறை விடுதலையானது. ஓட்டுநர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. இறங்கி வந்து சாரி சொன்னார்.

தோரா பேருந்தின் படிக்கட்டில் நின்றிருந்தாள். கன்னமெல்லாம் ஈரம். முன்கூட்டி யோசிக்காத அந்தக் கழுதைச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

"டேய், அடிபட்டுச்சா?"

"லேசா."

மூச்சு வாங்கினாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு அவள் பார்வை என் கயிற்றில் வந்து நின்றது. இந்தப் பார்வையை எனக்குத் தெரியும், பிப்ரவரியில் பார்த்தது.

"ஓரெஸ்ட், இதை அப்படியே படமா எடுத்தா?"

"எடு" என்றேன். "வெள்ளிக்கிழமையில போடு. எல்லாரும் முகவாயைத் தடவிட்டு உக்காந்திருப்பாங்க."